ஃபாஸ்ட் ட்ராக்கை மூடினீர்கள், அதன் தீர்ப்புகளை ஏன் வைத்திருக்கிறீர்கள்? பிரதமருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பிரதமர் அன்ரனி அல்பனீசி அவர்களுக்கும், உள்துறை அமைச்சர் ரொனி பேர்க் அவர்களுக்கும்,

வணக்கம். நான் மேற்கு சிட்னியில் பெண்டில் ஹில் பக்கம் பதினேழு வருசமாக இருக்கிறேன். படித்த படிப்பை வைத்து வீசா எடுத்து விமானத்தில் வந்து இறங்கியவள், இன்றைக்கு இந்த நாட்டுப் பிரஜை. 2022இலும் 2025இலும் உங்கள் கட்சிக்குத்தான் வாக்குப் போட்டேன், அந்த உரிமையோடுதான் எழுதுகிறேன். இதையே ஆங்கிலத்தில் எழுதி உங்கள் இருவருடைய அலுவலகத்துக்கும் அனுப்புகிறேன். தமிழிலும் எழுதுவது ஏனென்றால் எங்கள் ஆட்களும் இதைப் படிக்க வேண்டும், படித்துவிட்டுத் தங்கள் தொகுதி எம்.பி.யிடம் போய் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

கேள்வி ஒன்றுதான். படகில் வந்து அகதி அந்தஸ்துக் கேட்டவர்களுக்கு வைத்த ஃபாஸ்ட் ட்ராக் என்ற விசாரணை முறை நியாயமானது இல்லை என்று எதிர்க்கட்சியில் இருந்தபோதே உங்கள் கட்சி சொன்னது, அதை ஒழிப்போம் என்று கொள்கை அறிக்கையிலும் எழுதியது, 2024 ஒக்டோபரில் சொன்னபடியே அதை மூடியும் விட்டீர்கள். அப்படியானால் அந்த முறை எழுதிக் கொடுத்த மறுப்புகள் மட்டும் எப்படி இன்னும் செல்லும்?

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். 2012 ஆகஸ்ட் 13இலிருந்து 2013 முடியும் வரை படகில் வந்தவர்களில் கடல் கடந்த தடுப்பு முகாம்கள் இருந்த நவுறுவுக்கோ மானஸ் தீவுக்கோ அனுப்பப்படாமல் இங்கேயே இருந்தவர்களை விசாரிக்க, அன்றைய லிபரல் கூட்டணி அரசு 2014 டிசம்பரில் தனியாக ஒரு சட்டம் கொண்டு வந்தது. மற்ற அகதிகளுக்கு வீசா மறுக்கப்பட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், உறுப்பினரின் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்து கதைக்கலாம். இவர்களுக்கு அது கிடையாது. ஐஏஏ என்ற புது அமைப்பொன்று கோப்பில் இருக்கும் கடதாசியைப் பார்த்தே முடிவு சொல்லும், ஆளைக் கூப்பிட்டு விசாரிப்பது மிக அபூர்வம். புதிதாக ஏதும் ஆதாரம் கிடைத்தாலும் விதிவிலக்கான சூழ்நிலை என்று காட்டினால்தான் அதைப் பார்ப்பார்கள். தன் பக்கத்தை எழுதிக் கொடுக்க 21 நாள், ஐந்து பக்கம், அவ்வளவுதான். விண்ணப்பம் போடவே வருசக்கணக்கில் விடாமல் வைத்திருந்துவிட்டு, 2017 ஒக்டோபர் 1க்குள் போடாதவர்களுக்கு எதுவும் இல்லை என்று திடீரென்று கெடு வைத்ததும் இதே காலத்தில்தான். அரசாங்கம் கொடுத்துவந்த இலவச சட்ட உதவியை இவர்களில் பெரும்பாலானோருக்கு 2014இலேயே நிறுத்தியாயிற்று.

அந்த ஐந்து பக்கத்தில் ஒன்றை எழுத நானும் உதவினேன். அதனால்தான் இது எனக்கு வெறும் செய்தியாக இல்லை.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு அண்ணா இருக்கிறார், பெயர் வேண்டாம். 2013 தொடக்கத்தில் மனைவியோடும் ஐந்து வயது மகளோடும் படகில் வந்தவர். அவருடைய கோப்பு ஒரு நீல பிளாஸ்டிக் ஃபைல், அதைச் சுற்றி எப்போதும் ஒரு மளிகைக்கடைப் பை, கடலில் வந்தபோது கடதாசி நனைந்துபோன பயம் இன்னும் விடவில்லை என்று அவர் மனைவி சொன்னார். "தங்கச்சி, ஒருக்கா இதைப் பாருங்கோ" என்று அந்தப் பையோடு வாசலில் நின்றால் எனக்கு உடனே விளங்கிவிடும், மறுபடியும் ஏதோ கடிதம் வந்திருக்கிறது.

அவருடைய மறுப்பை முதன்முதலில் வாசித்த இரவு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நேர்காணலில் அவர் "முகாமிலயிருந்து வந்தனாங்கள்" என்று சொல்லியிருக்கிறார். 2009இல் சண்டை முடிந்து லட்சக்கணக்கான சனத்தைக் கொண்டுபோய் அடைத்த மனிக் பாம் முகாமைத்தான் சொன்னார். மொழிபெயர்ப்பாளருக்கு எங்கள் பேச்சு பழக்கம் இல்லையோ என்னவோ, ஆங்கிலத்தில் அது புலிகள் இயக்கத்தின் முகாம்போல ஒலித்திருக்கிறது. அடுத்த முறை அண்ணா அதைத் திருத்திச் சொன்னார். திருத்தியது குற்றமாகிவிட்டது, கதையை மாற்றுகிறார், நம்ப முடியாது என்று எழுதிவிட்டார்கள். ஒரு சொல். யாராவது அவரை முன்னால் உட்கார வைத்து, எந்த முகாம், யார் காவல் நின்றார்கள், சாப்பாடு யார் தந்தார்கள் என்று ஐந்து நிமிசம் கேட்டிருந்தால் முடிந்திருக்கும் விசயம் அது. கேட்க அந்த முறையில் இடமே இல்லை. ஐந்து பக்கத்தில் இதை எப்படிப் புரியவைப்பது என்று நானும் அவர் மனைவியும் இரவு ஒரு மணி வரை சமையலறை மேசையில் இருந்து எழுதினோம், அது ஆறு பக்கமாகப் போய், அவர் தம்பி காணாமல்போன கதையைக் குறைத்து ஐந்தாக்கினோம். எதைக் குறைத்தோம் என்று நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

அப்புறம் நீதிமன்றம். நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று பலர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள், உங்கள் கட்சிக்காரர்களும் சொன்னார்கள். போனார், வருசக்கணக்கில் வரிசையில் நின்றார். ஆனால் அங்கே பார்ப்பது முடிவெடுத்தவர் சட்டப் பிழை விட்டாரா என்பதை மட்டும்தான், இந்த மனிதன் திரும்பிப் போனால் ஆபத்தா இல்லையா என்று நீதிபதி பார்க்க முடியாது. வழக்கு தள்ளுபடியானது.

நீங்கள் எதுவுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை, அப்படிச் சொன்னால் அது பொய். 2022 மே மாதம் நீங்கள் பதவிக்கு வந்த கையோடு, நான்கு வருசமாகத் தடுப்பில் அலைக்கழிக்கப்பட்ட, குயின்ஸ்லாந்தின் பிலோயெலா ஊரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தை ஊருக்குத் திருப்பி அனுப்பினீர்கள், ஆகஸ்டில் நிரந்தர வீசாவும் கொடுத்தீர்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் அழுதோம். 2023 பெப்ரவரியில், தற்காலிகப் பாதுகாப்பு வீசாவில் இருந்த ஏறக்குறைய 19,000 பேருக்கு நிரந்தர வதிவிட வழியைத் திறந்தீர்கள். பத்து வருசம் பெண்சாதி பிள்ளைகளைக் காணாமல் இருந்தவர்கள் அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டார்கள், சிலர் வீடும் வாங்கிவிட்டார்கள். அந்தப் புண்ணியம் உங்களுக்கு உண்டு.

ஆனால் அன்றைக்கு நீங்கள் போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கம், ஃபாஸ்ட் ட்ராக்கில் மறுக்கப்பட்டு நின்றவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். ஒரே படகில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வந்த இரண்டு பேர், ஒரே ஊர், ஒரே கதை, ஒருவர் இன்று பிரஜை, மற்றவர் ஆறு மாசத்துக்கு ஒருமுறை பிரிட்ஜிங் வீசா என்ற இடைக்கால வீசாவைப் புதுப்பிக்க நிற்கிறார். வித்தியாசம், யார் யாருடைய கோப்பைத் தூக்கினார் என்பதுதான். எங்கள் சங்கத்தில் இப்படி இரண்டு பேர் ஒரே வரிசையில் இருந்து சாப்பிடுகிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் நேரே பார்ப்பதில்லை.

பிரிட்ஜிங் வீசா என்றால் என்ன என்று கன்பராவில் இருந்து பார்த்தால் தெரியாது. அண்ணா ஒரு குளிர்ப்பதனக் கிடங்கில் இரவு வேலை செய்கிறார். வீசா முடியும் தேதிக்கும் புது வீசா வரும் தேதிக்கும் இடையில் பதினைந்து நாள், இருபது நாள் ஓட்டை விழும். முதலாளி வீசாவைச் சரிபார்க்கும் வீவோ என்ற அரசாங்க இணையச் சேவையில் பார்ப்பார், வேலை செய்ய அனுமதி இல்லை என்று காட்டும், வீட்டுக்குப் போகச் சொல்வார். அந்த நல்ல மனிசன் இதுவரைக்கும் திருப்பி எடுத்திருக்கிறார், இனியும் எடுப்பார் என்று எந்த நிச்சயமும் இல்லை. சிலருக்கு வேலை அனுமதியே கிடையாது, சிலருக்கு மெடிகெயார் என்ற அரசாங்க மருத்துவக் காப்புறுதியும் இல்லை, பல்வலி வந்தால்கூட யாரிடம் கடன் கேட்பது என்று யோசிப்பவர்கள்.

அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள். இளையவன் 2014இல் இங்கே வெஸ்ட்மீட்டில் பிறந்தவன், இங்கே பிறந்து பத்து வருசம் இங்கேயே வளர்ந்தால் பிரஜை என்று சட்டம் இருப்பதால் 2024இல் அவனுக்குக் குடியுரிமை வந்துவிட்டது. அக்காவுக்கு இல்லை. ஐந்து வயதில் வந்தவள், இங்கேதான் அ, ஆவும் ஏபிசிடியும் படித்தாள், இந்த வருசம் பள்ளி இறுதிப் பரீட்சையான எச்.எஸ்.சி எழுதினாள், தாதியாக வரவேண்டும் என்று ஆசை. யூனிக்குப் போவதென்றால் அவளை வெளிநாட்டு மாணவி என்று கணக்கெடுத்து வருசத்துக்கு 30,000 டொலருக்கு மேல் கேட்பார்கள், அரசாங்கக் கடனும் கிடையாது. சில பல்கலைக்கழகங்கள் புகலிடம் கோருவோருக்கு உதவித்தொகை வைத்திருக்கின்றன, இடம் சொற்பம், பிள்ளைகளோ அதிகம். போன மாசம் நான் போனபோது தம்பி தன் குடியுரிமைப் பத்திரத்தைக் காட்டினான். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். தாய் அந்தப் பத்திரத்தை வாங்கி, அதே நீல ஃபைலுக்குள் வைத்து மளிகைப் பையால் சுற்றினார்.

வயது முதிர்ந்தவர்கள் தாதிகளுக்காகக் காத்திருக்கும் நாடு இது, அவள் படித்தால் யாருக்கு நட்டம்?

இனி அரசியலுக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் ஏன் தயங்குகிறீர்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. 2001இல் கடலில் மீட்ட 433 அகதிகளோடு டாம்பா கப்பல் வந்தது, அதை வைத்தே அன்றைய லிபரல் பிரதமர் ஹவார்ட் தேர்தலை வென்றார். 2008இல் உங்கள் கட்சிப் பிரதமர் கெவின் ரட் தற்காலிக வீசாவை ஒழித்தார், பிறகு படகுகள் வந்தன, 2013இல் படகுகளை நிறுத்துவேன் என்று சொல்லியே லிபரல் கட்சியின் டோனி அபொட் பதவிக்கு வந்தார். உங்கள் கட்சியில் அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. யாராவது அகதி என்று வாயெடுத்தால் மறுநாள் எதிர்க்கட்சி எழும்பும், பத்திரிகைகள் எழும்பும். 2025 ஆகஸ்ட் 31 அன்று குடியேறிகளுக்கு எதிராக நகரங்களில் ஊர்வலம் போனார்களே, அன்றைக்கு நானும் பயந்து பிள்ளைகளை வெளியே விடவில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 2025 மே 3 அன்று 150இல் 94 ஆசனம் வாங்கினீர்கள். இந்த மக்களை வருசக்கணக்கில் அமைச்சராக இருந்து கையாண்ட அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் பீட்டர் டட்டன் தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். இவர்களை வைத்துப் பயமுறுத்தும் அரசியலை அந்தத் தேர்தலில் மக்கள் வாங்கவில்லை. 2023இல் 19,000 பேருக்கு வழி விட்டீர்கள், அதற்காக எந்தத் தொகுதியை இழந்தீர்கள்? இப்போது கேட்பது அதைவிடக் குறைந்த ஆட்களுக்கு, பன்னிரண்டு பதின்மூன்று வருசமாக இங்கேயே வேலை செய்துகொண்டு இருப்பவர்களுக்கு. புதிதாக ஒரு படகையும் இது கூப்பிடாது, தகுதி பெறும் தேதி 2013ஓடு முடிந்துபோனது.

அதற்குப் பதில் வேறு பக்கம் போகிறீர்களே என்பதுதான் எனக்கு வலிக்கிறது. 2024 நவம்பர் கடைசியில், பாராளுமன்றம் முடிகிற அவசரத்தில், எதிர்க்கட்சியோடு சேர்ந்து மூன்று சட்டங்கள் நிறைவேற்றினீர்கள். நாடு திரும்ப ஒத்துழைக்க மறுத்தால் குறைந்தது ஒரு வருசம் சிறை. மூன்றாவது நாட்டுக்கு ஆட்களை அனுப்பக் காசு கொடுக்கலாம். 2025இல் நவுறுவோடு ஒப்பந்தம், முதல் தவணையே 408 மில்லியன் டொலர். அது வேறு ஆட்களுக்காக என்று சொல்கிறீர்கள், சரி, ஆனால் எங்கள் வீடுகளில் அந்தச் செய்தி வந்த இரவு அண்ணா எனக்குப் போன் எடுத்து "எங்களையும் கொண்டுபோவாங்களோ" என்று கேட்டார். என்னால் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

2023இல் நிரந்தர வீசா கேட்டு 22 பெண்கள் மெல்பேர்ணிலிருந்து கன்பராவுக்கு 640 கிலோமீட்டர் நடந்தே வந்தார்கள். தமிழ்ப் பெண்களும் ஈரானியப் பெண்களும். 2024இல் மெல்பேர்ண் டொக்லண்ட்ஸில் உள்துறை அலுவலகத்தின் முன்னால் கொட்டும் குளிரில் கூடாரம் போட்டு நூறு நாள் இருந்தார்கள். அந்த ஆகஸ்டில், சிறுவனாகப் படகில் வந்து பிரிட்ஜிங் வீசாவிலேயே வளர்ந்த 23 வயதுத் தமிழ்ப் பொடியன் ஒருவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அவனுடைய அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களில் பாதிப்பேர் அதே வீசாவில் இருப்பவர்கள்.

இலங்கை இப்போது அமைதியாகத்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். 2025இல் யாழ்ப்பாணத்தில் செம்மணிப் புதைகுழியைத் தோண்டினார்கள், 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன, சின்னப் பிள்ளைகளுடையதும். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று எத்தனை அரசாங்கங்கள் சொன்னாலும் அதன்கீழ் ஆட்களைப் பிடிப்பது நிற்கவில்லை. 2016, 2017இல் எழுதப்பட்ட மறுப்புகளை வைத்து இன்றைய ஆபத்தை எப்படி அளப்பது?

அமைச்சர் பேர்க் அவர்களே, குடிவரவுச் சட்டம் 48பி பிரிவின்கீழ் ஒருவரை மறுபடியும் விண்ணப்பிக்க விட உங்களுக்கு இன்றே அதிகாரம் இருக்கிறது, அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஃபாஸ்ட் ட்ராக்கில் மறுக்கப்பட்ட எல்லோருக்கும், மறுபடியும் விண்ணப்பிக்க விடாத அந்தத் தடையை எடுத்துவிடுங்கள், அல்லது 2023இல் மற்றவர்களுக்குக் கொடுத்த அதே வழியை இவர்களுக்கும் திறந்துவிடுங்கள். இரண்டில் இரண்டாவதைத்தான் நான் கேட்பேன், பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு மறுபடியும் ஒரு நேர்காணல் வரிசை என்றால் சிலருடைய உடம்பு தாங்காது. அதுவரைக்கும் எல்லோருக்கும் வேலை அனுமதியும் மெடிகெயாரும் கொடுங்கள், இந்த நாட்டில் பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளை உள்ளூர்க் கட்டணத்தில் படிக்க விடுங்கள்.

பிரதமர் அவர்களே, கேம்பர்டவுனில் அரசாங்க வீட்டில் தனித் தாய் வளர்த்த பிள்ளை நான் என்று நீங்கள் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறீர்கள். ஒருவரையும் பின்னால் விட்டுவிட்டுப் போகமாட்டோம் என்றும் சொன்னீர்கள். நான் அதை நம்பித்தான் வாக்குப் போட்டேன், இப்போதும் நம்புகிறேன், நம்பாவிட்டால் இவ்வளவு நீளத்துக்கு எழுதியிருக்க மாட்டேன்.

அண்ணாவின் வீசா பெப்ரவரி நடுவில் முடிகிறது. மகளுக்கு யூனி தொடங்குவதும் அதே மாதம்தான். அதற்கு முன்னால் ஒரு பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
பெண்டில் ஹில்லிலிருந்து ஒரு வாக்காளர்