கணக்கேடுகளில் எஞ்சிய பெயர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், 1803-இல் திருமண உறவால் இணைந்த பென்னஹன், கேமரன் குடும்பங்களின் ஸ்டாக்வில் பெருந்தோட்டத்தைப் பற்றி எழுதுவோர், 1860-இல் அக்குடும்பத்துக்கு ஏறத்தாழ 30,000 ஏக்கர் நிலம் இருந்ததை வியந்து குறிப்பிடுவது வழக்கம். ஏறத்தாழ 900 மனிதர்களையும் அக்குடும்பம் அடிமைகளாக வைத்திருந்தது என்பதோ அடுத்த வரியில் ஒரு புள்ளிவிவரமாகக் கடந்துபோகிறது. வரலாறு அந்த 900 பேரிடமிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அக்குடும்பத்தின் ஆவணங்கள் சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. குடும்பத்தாரின் கடிதங்களோடும் கடைக் கணக்குகளோடும், அடிமைகளாக இருந்தோரின் பெயர்ப் பட்டியல்களும், அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளைப் பற்றிய பதிவுகளும் அவற்றில் உள்ளன. உடைமையைக் கணக்கிடுவதற்காக எழுதப்பட்ட இக்குறிப்புகளில் இரக்கத்தைத் தேடுவது வீண். ஆயினும் அவற்றின் மதிப்பு மிகப் பெரியது. 1850, 1860 ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கெனத் தனியே தயாரிக்கப்பட்ட பட்டியல்களில், உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் ஆகியவை மட்டுமே பெரும்பாலும் பதிவாயின. விடுதலை பெற்றவர்கள் தத்தம் பெயரோடு இடம்பெற்றது 1870-இல்தான். எனவே, அதற்கு முந்தைய தலைமுறைகளைத் தேடும் இன்றைய வழித்தோன்றல்களுக்கு, தம் முன்னோரை உடைமையாகக் கருதியவர்களின் கணக்கேடுகளே பல நேரங்களில் வழிகாட்ட வேண்டியிருக்கிறது. இதைவிட வேதனையான முரண் வேறென்ன இருக்க முடியும்?

வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் கட்மன் 1976-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தத் தோட்டத்தின் பிறப்புப் பதிவுகளையும் பயன்படுத்தினார். அடிமைகளாக இருந்தோர் தந்தையின் பெயரையும் தாத்தா பாட்டியரின் பெயர்களையும் குழந்தைகளுக்குச் சூட்டி, உறவுகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்ததை அவர் எடுத்துக்காட்டினார். அடிமை முறை கறுப்பினத்தாரின் குடும்பங்களைச் சிதைத்து, உறவுணர்வே இல்லாமல் செய்துவிட்டது என்ற பழைய வாதம் அங்கே வலுவிழந்தது. பிரிவு அவர்களுக்கு வெறும் அச்சமாக மட்டும் இருக்கவில்லை: 1844-இல் அக்குடும்பத்தைச் சேர்ந்த பால் கேமரன், நூற்றுக்கும் மேற்பட்டோரை அலபாமாவில் வாங்கிய புதிய தோட்டத்துக்கு அனுப்பினார். அப்படிப் பிரிக்கப்பட்டவர்களுக்கு, குழந்தைக்கு இட்ட ஒரு பெயர் எவ்வளவு பெரிய பற்றுக்கோடாக இருந்திருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

ஸ்டாக்வில் இன்று மாநில அரசின் வரலாற்றுச் சின்னம். அங்கே அடிமைகளாக இருந்தோர் வாழ்ந்த ஹார்ட்டன் குரோவ் குடியிருப்புகளின் செங்கற்களில், அவற்றை வார்த்த கைகளின் விரல் தடங்கள் இன்னும் தெரிகின்றன.

இத்தகைய குடும்ப ஆவணங்களைப் பட்டியலிடுகிறவர்கள், உரிமையாளரின் பெயரோடு நின்றுவிடாமல், அடிமைகளாக இருந்த ஒவ்வொருவரின் பெயராலும் தேடக்கூடிய பெயரடைவை உருவாக்க வேண்டும். தங்கள் நாளிதழும் இக்குடும்பங்களைப் பற்றிய கட்டுரைகளை வெளியிடும்போது, மாளிகையின் படத்தோடு அந்தப் பெயர்ப் பட்டியலின் ஒரு பக்கத்தையாவது அச்சிட வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்