நியான் மீனுக்கு அவசரப்படாதே

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. விடியற்காலையில் லவ்டேல் முழுக்க உறைபனி, உருளைக்கிழங்குச் செடி கருகிவிட்டது.

நீ மீன் தொட்டி வாங்கியிருப்பதாக அக்கா சொன்னாள். பகலிலும் வீட்டில்தான் இருக்கிறாய் என்றும் சொன்னாள். அதைப் பற்றி நான் கேட்கவில்லை. தொட்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நியான் டெட்ரா விடப்போகிறாயாம். அவசரப்படாதே. நம் வீட்டில் நன்றாக இருந்ததே என்று நினைக்காதே. நம் ஊற்றுத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. அமேசான் பக்கத்து ஓடைகளும் அப்படித்தான், அதனால் இங்கே குளிரை மட்டும் சமாளித்தால் போதும். சென்னை போர் தண்ணீர் வேறு. குழாய் வாயில் வெள்ளையாகப் படிகிறதா என்று பார். படிந்தால் அந்தத் தண்ணீருக்கு மாலியும் கப்பியும்தான் சரி. நியான்தான் வேண்டும் என்றால் ஆர்ஓ தண்ணீர் கலந்துகொள். ஆனால் வெறும் ஆர்ஓவை ஊற்றாதே, பிஎச் நிற்காமல் இறங்கித் தண்ணீர் அமிலமாகிவிடும். இங்கேயே ஒரு தடவை இறங்கி, நீ கிளிஞ்சல் போட்டுச் சரி செய்தாயே.

ஹீட்டர் அங்கே தேவைப்படாது. மே மாதம் தொட்டி 32 டிகிரிக்குப் போய்விடும், நியானுக்கு 22 முதல் 26 வரைதான் இதம். சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு. மூடியை எடுத்துவிட்டு மேலே சின்ன ஃபேன் வை.

மீன் விடும் முன் தினமும் துளி தீனி போட்டு ஃபில்டரை நான்கைந்து வாரம் ஓடவிடு. தீனி அழுகி வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா ஃபில்டருக்குள்தான் வளரும். அம்மோனியா, அதிலிருந்து வரும் நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் ஆகும்வரை ஒரு மீன்கூட வேண்டாம். அவசரப்படாதே என்று மறுபடியும் சொல்கிறேன்.

பொங்கலுக்கும் நீ வரவில்லை. அம்மா உனக்கென்று எடுத்து வைத்த முறுக்கு நமுத்துப்போய்விட்டது. ஒரு போன் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

2009 நவம்பர் மழையில் ரோடெல்லாம் மண் சரிந்து கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது தொட்டியைச் சுற்றிப் பாட்டியின் கம்பளியைக் கட்டி, பாட்டிலில் வெந்நீர் நிரப்பி மிதக்கவிட்டு, தூங்காமல் உட்கார்ந்திருந்தாய். ஒரு மீன்கூடச் சாகவில்லை. இன்றும் யார் வந்தாலும் அதைத்தான் சொல்கிறேன்.

ஆனால் அடுத்த ஜனவரியில் நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை. அன்று ராத்திரி ஹீட்டரை அணைத்தது நான்தான் தம்பி. கரண்ட் பில்லைப் பார்த்த கோபம், பரீட்சை நேரத்தில் நீ தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்த கோபம். குளிர் இவ்வளவு செய்யும் என்று நினைக்கவில்லை. காலையில் பதினெட்டும் அடியில் கிடந்தன. ஸ்விட்சை நீதான் மறந்திருப்பாய் என்று சொன்னேன். நீ நம்பிவிட்டாய். அழுதாய், தொட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றினாய், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் மேல் எந்தத் தப்பும் இல்லை. அம்மாவுக்கும் இது இன்றுவரை தெரியாது.

உன் பழைய தெர்மாமீட்டர் என் டிராயரில்தான் இருந்தது. பஞ்சு சுற்றி இதோடு அனுப்புகிறேன். தொட்டியில் போட்டு எத்தனை டிகிரி என்று சொல். ராத்திரி எந்நேரமானாலும் கூப்பிடு, நான் விழித்துத்தான் இருப்பேன்.

அப்பா