ஏஆர்சி வேலை செய்யாத சவுண்ட்பார்: பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

ஐயா,

வணக்கம். தனி சப்வூஃபரோடு வரும் உங்களுடைய சின்ன சவுண்ட்பாரை ரூ. 5,499 கொடுத்து வாங்கினேன். எந்த மாடல் என்று உங்களுக்கே தெரியும். எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவி சத்தத்தை எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே சவுண்ட்பாருக்கு அனுப்பும் வசதி) உண்டா, டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூட்டலாமா என்று வாங்கும் முன்பே உங்கள் சாட்டில் கேட்டேன். "உண்டு சார், முடியும் சார்" என்றார்கள். அந்தப் பதில் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

ஏஆர்சியில் கொஞ்ச நேரம் பாடும், பிறகு சத்தம் டிவி ஸ்பீக்கருக்கே போய்விடும். புளூடூத்தில் போட்டாலோ வாய் அசைந்து முடிந்த பிறகு பேச்சு வருகிறது. செய்தி பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது.

தஞ்சாவூர் சர்வீஸ் சென்டரில் உங்கள் ஆள் பேசிய பேச்சை நான் மறக்க மாட்டேன். சம்பா அறுவடை மிஷின் வயலில் நிற்க, சவுண்ட்பாரையும் சப்வூஃபரையும் மடியில் வைத்துக்கொண்டு, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்து போனேன். அவர் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. "ஐயாயிரத்துக்கு வாங்கிட்டு தியேட்டர் சவுண்ட் கேட்டா எப்படி? உங்க டிவிதான் கோளாறு" என்றார். நான் தியேட்டரா கேட்டேன்? பேச்சு புரிய வேண்டும் என்றுதானே கேட்டேன்!

டிவி கோளாறு இல்லை. பக்கத்து வீட்டு சவுண்ட்பாரை அதே கேபிளில், அதே துளையில் மாட்டிப் பார்த்தோம். ராத்திரி முழுக்க நிற்காமல் பாடியது. உங்கள் போன் ஆட்கள் சொன்னபடி டிவி ரிமோட்டிலேயே சவுண்ட்பாரை இயக்க உதவும் சிஇசியை ஆன் செய்தேன், டிவியின் ஆடியோவை பிசிஎம் என்ற சாதாரண ஒலி வடிவத்துக்கு மாற்றினேன், புது கேபிளும் வாங்கினேன், ரீசெட்டும் செய்தேன். எல்லாம் முடிந்தபின் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வருகிறது. யார் தீர்த்தது? எப்போது?

அப்பாவுக்குக் காது மந்தம். இப்போது வரும் மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் கீழ்ப்பக்கம் பார்த்து இருப்பதால் அவருக்கு ஒன்றும் விளங்குவதில்லை. வருஷா வருஷம் திருவையாறு ஆராதனைக்குப் போய் உட்கார்ந்தவர், இப்போது நடக்க முடியாமல் தூர்தர்ஷன் நேரலையில்தான் தியாகராஜரின் பஞ்சரத்னம் (ஐந்து கீர்த்தனைகள்) கேட்கிறார். இந்த முறை முதல் கீர்த்தனையான நாட்டையில் பாடிய பெட்டி இரண்டாவதான கௌளையில் நின்றுவிட்டது. கடைசி ஸ்ரீராகம் வரை அவர் ஊமைப் படம்தான் பார்த்தார். இந்த வருஷமே எங்களுக்குப் பாழ். அதற்கு என்ன ஈடு தருவீர்கள்?

தயவுசெய்து பெட்டியை எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். நல்லபடியாக முடித்தால் எனக்கும் சந்தோஷம்தான். மாற்றுப் பெட்டி வேண்டாம், மறுபடி தஞ்சாவூருக்கும் வரமாட்டேன். 15 நாளில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்துவிட்டு, திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. அந்த சர்வீஸ் சென்டர் ஆள் பேசியதையும் மனுவில் எழுதுவேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பில், சாட் படம், சத்தம் அறுகிற வீடியோ மூன்றும் இணைத்துள்ளேன். பெட்டியை எடுக்க ஆள் அனுப்புவதானால் காலையில் அனுப்புங்கள், மதியம் வயலில் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
நீடாமங்கலம்