பயிற்சிக்குப் போகும் தம்பிக்கு

அன்பின் தம்பி,

விளையாட்டு ஊழியத்துக்கான, அதாவது விளையாட்டு வழியாகப் பிள்ளைகளுக்குச் செய்யும் கிறிஸ்தவப் பணிக்கான, தலைவர் பயிற்சிக்குச் சபை உன்னைத் தெரிவுசெய்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். மெத்தச் சந்தோஷம். ஆனால் பந்தைக் காட்டிப் பிள்ளைகளைச் சபைக்குள் கொண்டுவரும் வேலைதான் இது என்று யாராவது உனக்கு விளக்கினால் ஏற்காதே.

திருகோணமலையில் நீ மைதானத்தில் கூட்டப்போகும் பிள்ளைகளில் சைவப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் இருப்பார்கள். தாய்மார் எங்களை நம்பி அனுப்புவார்கள். பந்து தூண்டில் இரை என்று தெரிந்தால் அடுத்த கிழமையே நிறுத்திவிடுவார்கள், அதுதான் நியாயமும். விசுவாசத்தை நீ ஒளிக்க வேண்டாம். கேட்கிறவர்களுக்கு யாரைப் பின்பற்றுகிறாய் என்று சொல்லு. ஜெபத்துக்கு நிற்காத பிள்ளைக்கும் அணியில் அதே இடம் இருக்கட்டும்.

கூடைப்பந்தே இப்படியொரு பயிற்சிக்கூடத்தில்தான் பிறந்தது, தெரியுமா? 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், வை.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் ஊழியர்களைப் பயிற்றுவித்த கல்லூரியில், மாரியில் உள்ளுக்குள் ஆட ஒரு விளையாட்டுத் தேவைப்பட்டது. இறையியல் படித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பழக்கூடைகளை மாட்டி 13 விதிகள் எழுதினார். பந்தோடு ஓடக்கூடாது, தோளால் இடிக்கக்கூடாது, பிடித்துத் தள்ளக்கூடாது. எதிரணிக்காரனுக்கு அடிபடக்கூடாது என்ற அக்கறை விதியிலேயே இருக்கிறது. எனக்கு அது ஒரு நல்ல பிரசங்கத்துக்குச் சமன்.

அந்த விளையாட்டை எங்கள் சூசையப்பர் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பயிற்றிய யூஜின் ஹெபர்ட் அடிகளாரைப் பற்றி மூத்தவர்களிடம் கட்டாயம் கேள். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்த இயேசு சபைக் குரு. திருகோணமலை, மட்டக்களப்பு என்று கிழக்கிலேயே பல ஆண்டுகள் வாழ்ந்தார். போர் வந்தபோதும் தன் நாட்டுக்குத் திரும்பிவிடவில்லை. 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வழியில் காணாமற்போனார், கூடப்போன இளைஞனும்தான். ஒரு முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். நீ அவரைப்போல் நின்று பிடி. ஓ.எல். பரீட்சையில் தவறிய பிள்ளை அடுத்த வருடமும் உன்னை அதே மைதானத்தில் காண வேண்டும்.

ஸ்கொட்லாந்து ஓட்டவீரர் எரிக் லிடலை எல்லாரும் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கோடு நிறுத்திவிடுகிறார்கள்: ஞாயிறு கடவுளுக்குரிய ஓய்வுநாள் என்று அன்று ஓட மறுத்தவர், பிறகு 400 மீற்றரில் தங்கம் வென்றவர். அதன்பின் அவர் சீனாவுக்கு ஊழியராகப் போனார். யப்பானியர் அடைத்துவைத்த முகாமில், ஞாயிறுகளில் பிள்ளைகள் மத்தியஸ்தர் இல்லாமல் விளையாடிச் சண்டைபிடிப்பதைக் கண்டு, தானே போய் மத்தியஸ்தம் செய்தார் என்று உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தன் பதக்க வாய்ப்புக்காக விட்டுக்கொடுக்காத ஒன்றை அந்தப் பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார். 1945இல் அந்த முகாமிலேயே இறந்தார்.

ஆகவே பயிற்சியில் மத்தியஸ்தம் பழகிக்கொண்டு வா. முதலுதவியும் படி. பிள்ளைகளோடு தனியே இராதே, எப்போதும் இன்னொரு பெரியவர் கூட இருக்கட்டும். பெண்பிள்ளைகளைக் கைதட்டுவதற்கு மட்டும் கூப்பிடாதே. அவர்களுக்கு வலைப்பந்து வேண்டும், செக்கலுக்கு முன் வீடு போய்ச் சேரும் நேரமும் வேண்டும். அந்தப் பொறுப்பை நான் எடுக்கிறேன். வந்ததும் நேரத்தைப் பேசி முடிப்போம்.

அன்புடன்,
அக்கா