21 நாள் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரை, எந்த நல்ல பழக்கத்தையும் 21 நாள்கள் விடாமல் செய்தால் அது தானாகவே ஒட்டிக்கொள்ளும் என்று உறுதி கூறியிருந்தது. நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட கட்டுரைதான் என்றாலும், அந்த எண்ணை நம்பி ஏமாந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

21 என்ற எண் பரவக் காரணமானவர் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர். அறுவை சிகிச்சையால் மாறிய தம் முகத்துக்குப் பழகிக்கொள்ள நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள்கள் அளவுக்கு ஆகிறது என்று, 1960-இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதினார். கைமாறிக் கைமாறி வந்ததில் ‘குறைந்தது’ என்ற சொல் உதிர்ந்துபோய் எண் மட்டும் தங்கிவிட்டது. புதிய மூக்கைக் கண்ணாடியில் பார்த்துப் பழகுவதும், நாள்தோறும் விடியலில் எழுந்து நடப்பதும் ஒன்றாகிவிடுமா?

பழக்கம் படிவதை நேரடியாக அளந்து பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை 12 வாரங்கள் கவனித்து, 2010-இல் அதன் முடிவுகளை அச்சில் வெளியிட்டனர். உணவு, குடிநீர், உடற்பயிற்சி ஆகியவற்றில் ஏதேனும் ஒரு செயலைத் தேர்ந்துகொண்டு, அன்றாடம் ஒரே சூழலில் அதைச் செய்துவர வேண்டும் என்பதே பங்கேற்றவர்களுக்குத் தரப்பட்ட வேலை. யோசிக்காமலே அந்தச் செயல் நடக்கும் நிலையை எட்ட, நடுவாக 66 நாள்கள் ஆகும் என்று தெரியவந்தது; ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் அது 18 முதல் 254 நாள்கள் வரை வேறுபட்டது (12 வாரங்களைத் தாண்டிய எண்கள், அதுவரை கிடைத்த பதிவுகளை வைத்துக் கணித்தவை). தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சியோ இழுத்தடித்தது. இடையில் ஒருநாள் தவறியது படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. என்னைக் கேட்டால், 66 என்ற எண்ணைவிடப் பெரிய செய்தி இதுதான்.

இரத்த அழுத்தம் ஏறியிருப்பதைக் கண்டு மருத்துவர் நடக்கச் சொன்னபோது, நானும் நாள்காட்டியில் 21 கட்டங்களைச் சிவப்பு மையால் சுற்றிவைத்துக்கொண்டு, கட்டத்துக்கு ஒரு டிக் போட்டபடி நடந்தேன். 22-ஆம் நாள் காலையில் அலாரம் அடித்தபோது, முதல் நாள் இருந்த அதே சலிப்பு துளியும் குறையாமல் இருந்தது. இத்தனைக்குப் பிறகும் பழக்கமாகவில்லை என்றால் குறை என்னிடம்தான் என்று முடிவுகட்டி, ஐந்து மாதங்கள் காலணியைத் தொடவே இல்லை. (அலாரத்தை மட்டும் ஏனோ அணைக்கவில்லை, வீட்டில் மற்றவர்கள்தான் விழித்துக்கொண்டார்கள்.)

மறுமுறை தொடங்கியபோது நாள்காட்டியைத் தொடவில்லை. பல் துலக்கிவிட்டு வெளியே வரும்போது காலில் இடறும்படி, குளியலறை வாசலிலேயே காலணியை வைத்தேன். துலக்கி முடிந்தால் காலணி, காலணி மாட்டினால் வாசல் என்று ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போனதால், இன்று போவதா வேண்டாமா என்று மனத்தோடு வழக்காட இடமில்லாமல் போயிற்று. முதல் சில வாரங்கள் ஏழெட்டு நிமிடம்தான் நடந்தேன். அது கணக்கில் சேராதோ என்ற தயக்கமும் தேவையற்றது. உடலுழைப்பு ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நீடிக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கைவிட்டுவிட்டது. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு என்ற அதன் அளவைச் சிறுகச் சிறுகச் சேர்த்தே எட்டலாம். காய்ச்சலில் படுத்த நாள்களில் நடை விட்டுப்போனது உண்டு. எழுந்ததும் காலணி அதே இடத்தில் கிடந்தது, மாட்டிக்கொண்டு போனேன்.

ஆகவே, இத்தகைய கட்டுரைகளை இனி வெளியிடும்போது, நாள் கணக்கைத் தலைப்பாக்குவதைத் தவிர்த்து, ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் எப்படித் தொடர்வது என்பதற்கும் சில பத்திகள் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்