பேஸ் பெட்டிக்குக் கார்பெட் ஒட்டினால் ஜன்னல் அதிர்வது நிற்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதப் பகுதியில் வந்த ஒரு கடிதத்தைப் படித்ததிலிருந்து பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் வைக்கிற பெரிய பேஸ் பெட்டிகளால், அதாவது அடித்தொனி முழங்குகிற ஸ்பீக்கர் பெட்டிகளால், வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, வயசானவர்கள் தூங்க முடியவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுவரைக்கும் நியாயம்தான், நான் மறுக்க மாட்டேன். ஆனால் அடுத்த வரியிலேயே, மைக் செட்காரர்கள் எல்லோரும் பெட்டிக்குக் கார்பெட் ஒட்ட வேண்டும் என்று கலெக்டர் உத்தரவு போட வேண்டும், கார்பெட் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும், வெளிநாட்டு பேஸ் கிட்டார் பெட்டிகளுக்கு எல்லாம் அதற்காகத்தான் ஒட்டியிருக்கிறார்கள் என்று எழுதிவிட்டார். நீங்களும் அதை அப்படியே அச்சில் போட்டுவிட்டீர்கள்.

நான் தக்கலைப் பக்கம் 22 வருஷமாக மைக் செட் வைத்திருக்கிறேன். பெட்டி செய்வது, கார்பெட் ஒட்டுவது, ஒட்டியதைப் பிறகு தலையில் அடித்துக்கொண்டு பிய்ப்பது எல்லாமே என் கையால் செய்தவன்.

முதல் பேஸ் பெட்டி செய்த கதையிலிருந்து சொல்கிறேன். 18 மில்லி பிளைவுட் வாங்கி ஒரு ஆசாரியிடம் கொடுத்தேன். நல்ல வேலைக்காரர், ஆனால் அன்றைக்கு என்ன அவசரமோ, மூலையில் ஒரு ரூபாய் நாணயம் நுழைகிற அளவுக்கு இடைவெளி. நான் முகம் சுளித்ததும், "பட்டி வச்சு அடைச்சிரலாம் தம்பி, மேல கார்பெட் வரும்லா, பொறவு யாரு பாக்கப் போறா?" என்றார். கார்பெட் எதற்கு என்பதற்கு இதைவிடச் சரியான விளக்கத்தை நான் இன்னும் கேட்கவில்லை. பெயின்ட் அடிக்க வேண்டுமானால் பட்டி வைத்து, உப்புக் காகிதம் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்த்து என்று மூன்று நாள் போய்விடும், அதற்குப் பிறகும் ஒரு ஸ்க்ரூ தலை துருத்திக்கொண்டிருந்தால் தூரத்திலிருந்தே தெரியும். ரெக்சினும் அப்படித்தான், அடியில் ஒரு மணல் இருந்தால்கூட மேலே கொப்புளம் மாதிரி நிற்கும். கார்பெட்டுக்கு அந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டுகிற பதம் வந்ததும் இழுத்து அமுக்கினால் மூலை முடுக்கெல்லாம் வளைந்து உட்கார்ந்துவிடும். இரண்டு துண்டு சேருகிற இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றி வைத்து, புது பிளேடால் இரண்டையும் சேர்த்து ஒரே கோடாக அறுத்து, கழிவை இரண்டு பக்கமும் உருவிவிட்டு அமுக்கிவிட்டால் தையல் எங்கே என்று செய்தவனுக்கே தெரியாது. காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் கைப்பிடி, இரும்பு மூலை எல்லாம் மாட்டி முடித்துவிடலாம்.

இன்னொரு காரணமும் உண்டு, அது குட்டியானை வண்டியில் லோடு ஏற்றி இறக்குகிறவனுக்குத்தான் தெரியும். பேஸ் பெட்டி சின்னப் பெட்டி இல்லை. பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு வைத்த பெட்டி 60 கிலோவுக்கு மேல் வரும். ஆள் பற்றாத நாளில் தரையோடு இழுப்போம், ஒன்றின்மேல் ஒன்று அடுக்குவோம், வளைவில் வண்டி திரும்பும்போது பெட்டியும் பெட்டியும் முட்டும். பெயின்ட் அடித்த பெட்டி ஒரே சீசனில் பழைய பஸ் மாதிரி ஆகிவிடும். கார்பெட் போட்டது கீறல் காட்டாது, வழுக்காது, உரசிக் கடகடக்காது. கார் டிக்கியில் வைக்கிற சப்வூஃபர் பெட்டிக்கும் இதே கதைதான், டிக்கிக்கு உள்ளே ஏற்கெனவே போட்டிருக்கிற கார்பெட்டோடு சேர்ந்தாற்போலவும் இருக்கும்.

வெளிநாட்டுப் பெட்டி விஷயமும் அவர் சொல்கிற மாதிரி இல்லை. ஆம்பெக் கம்பெனி 1969-ல் எஸ்.வி.டி. என்று 300 வாட் பேஸ் ஆம்ப்ளிஃபயர் கொண்டுவந்தது. அதற்கான எட்டு ஸ்பீக்கர் பெட்டியை இன்றைக்கும் பேஸ் வாசிக்கிறவர்கள் சாமி மாதிரி வைத்திருக்கிறார்கள். அதன் மேலே இருப்பது ரெக்சின் மாதிரியான வினைல், கார்பெட் இல்லை. கார்பெட் பரவலானது 80-களில்தான், எஸ்.டபிள்யூ.ஆர்., டிரேஸ் எலியட் மாதிரிக் கம்பெனிகளின் பெட்டிகளில் பார்க்கலாம். அதற்கு அப்புறம் நிறைய பேர் கார்பெட்டை விட்டுவிட்டு, பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் அடிக்கிற மாதிரியான சொரசொரப்பான கோட்டிங்குக்கு மாறிவிட்டார்கள். சத்தத்துக்காக ஒட்டியதாக இருந்தால் இப்படி மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பார்களா?

சரி, கார்பெட் சத்தத்தை உறிஞ்சாதா என்று கேட்டால், உறிஞ்சும், ஆனால் எந்தச் சத்தத்தை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை விரல் வைத்து அமுக்காமல் தட்டினால் நொடிக்கு 41 அதிர்வு. அந்த ஒலி அலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். இரண்டு குட்டியானையை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால்கூட அவ்வளவு நீளம் வராது. பஞ்சோ கம்பளியோ அதை ஒழுங்காக உறிஞ்ச வேண்டுமானால் அலையின் நீளத்தில் கால் பங்கு கனமாவது வேண்டும், அதாவது 2 மீட்டர். நாங்கள் ஒட்டுகிற கார்பெட் 3 மில்லி, மிஞ்சினால் 4 மில்லி. 10,000 அதிர்வு இருக்கிற கீச்சொலியின் அலை மூன்றரை சென்டிமீட்டர்தான், அதை வேண்டுமானால் கார்பெட் கொஞ்சம் தின்னும்.

அதுவும் கார்பெட் சத்தத்தின் வழியில் இருந்தால்தான். பெட்டியில் அது ஒட்டியிருப்பது பக்கத்திலும் முதுகிலும். சத்தம் வருவது முன்னால் அதிர்கிற ஸ்பீக்கர் கோனிலிருந்தும் பெட்டியின் ஓட்டையிலிருந்தும். ஊர் கேட்கக் கத்துகிறவனுக்குக் கம்பளிச் சட்டை மாட்டிவிட்டால் அவன் குரல் குறையுமா? பெட்டிக்கு உள்ளே பஞ்சு வைப்போம், அது வேறு சங்கதி. கோனின் பின்பக்கத்துச் சத்தம் உள்ளேயே முட்டி மோதித் திரும்பி வந்து குரலைக் கெடுக்காமல் இருக்க வைப்பது. சில கம்பெனிகள் கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரைச் சுற்றி ஃபெல்ட் ஒட்டுவதும் உண்டு, அதுவும் கீச்சொலிக்குத்தான். பேஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இதை நான் சும்மா கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. குழித்துறைப் பக்கம் ஒரு ஹால், பெயர் வேண்டாம். கல்யாணத்தில் பேண்ட் வாசித்தால் பின்னாடி வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள் என்று கமிட்டி கூடிப் பேசி, நாலு சுவரிலும் கார்பெட் ஒட்டினார்கள். நான் வேண்டாம் என்றேன், யார் கேட்டார்கள்? ஒட்டி முடித்த முதல் கல்யாணத்தில் என்ன ஆனது தெரியுமா? பேஸ் அப்படியே சுவரைத் தாண்டிப் போனது, பின்னாடி வீட்டு ஜன்னல் முன்பு போலவே ஆடியது. ஆனால் ஹாலுக்குள்ளே கீச்சொலியைக் கார்பெட் தின்றுவிட்டதால் வாழ்த்துரை சொன்னவர்களின் பேச்சு போர்வைக்கு அடியிலிருந்து வருவது மாதிரி மந்தமாகிவிட்டது. "ஒண்ணும் புரியல, கூட்டி வைங்க" என்று முன்வரிசையிலிருந்து கை காட்டினார்கள். கூட்டினேன். அன்றைக்குப் பின்வீட்டுக்காரர் நேராக மேடைக்கே வந்துவிட்டார்.

நம் மாவட்டத்துக்குக் கார்பெட் ஆகாது என்பதற்குத் தனியாக ஒரு காரணமும் இருக்கிறது. மற்ற ஊருக்கு ஒரு மழைக்காலம் என்றால் நமக்கு ஜூனில் ஒன்று, அக்டோபர் நவம்பரில் ஒன்று. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 3 வரை போகும், அந்தச் சமயம் குடையில்லாமல் யாராவது வெளியே இறங்குவார்களா? 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது என் குடோன் தகரம் இரண்டு பறந்துபோய், எட்டுப் பெட்டியும் நனைந்தன. கரண்ட் வர நாள் கணக்கில் ஆனது, ஃபேன் வைத்துக் காயவைக்கக்கூட வழியில்லை. பெயின்ட் அடித்த நாலு பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தேன், பிழைத்தன. கார்பெட் போட்ட நாலும் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்தும் கை வைத்தால் சில்லென்று இருந்தன. பூசணம் பிடித்து, நனைந்த நாய் வாடை அடித்து, அடிப்பலகை உப்பி, சர்ச் ஆராதனைக்குக் கொண்டுபோய் வைக்க வெட்கமாக இருந்தது. மொத்தத்தையும் பிய்த்தேன். அந்தப் பசையைச் சுரண்டுவது இருக்கிறதே, குலசேகரம் அருமனைப் பக்கம் ரப்பரோடு பிறந்து வளர்ந்தவனுக்குக்கூட அப்படி ஒரு தண்டனை வரக்கூடாது! இப்போது என் பெட்டி எல்லாம் கறுப்பு டெக்ஸ்சர் பெயின்ட்தான். உள்ளூரிலேயே ஓட்டுகிறவர்கள், மழையில் எடுக்காதவர்கள் கார்பெட் போட்டுக்கொள்ளட்டும், அதில் எனக்கு விரோதம் இல்லை.

அப்படியானால் அந்த வாசகரின் ஜன்னலுக்கு என்ன வழி? பேஸை நிறுத்துவது கனமும் தூரமும்தான். கனத்துக்குச் செங்கல் சுவர் எழுப்பத் திருவிழாவில் முடியாது. தூரம் முடியும். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். பேஸ் பெட்டியைச் சுவரோடு ஒட்டி, மூலையில் தள்ளி வைத்தால் இன்னும் முழங்கும், அதனால் நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள். சப்வூஃபர் பெட்டி மூன்று இருந்தால் ஒன்றைப் பின்பக்கமாகத் திருப்பி, அதற்கு மட்டும் ஒயரில் பிளஸ் மைனஸ் மாற்றி, சத்தம் ஒரு துளி தாமதமாக வரும்படி டிலே கொடுத்தால் பின்னால் போகிற பேஸ் நன்றாகக் குறையும். கூட்டம் முன்னால், வீடுகள் பின்னால் என்று இருக்கிற இடத்தில் இது கைகொடுக்கும். செலவில்லை, கூட அரை மணி நேர வேலை. சட்டமும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது, வருஷத்தில் சில திருவிழா நாட்களுக்கு மட்டும் 12 மணி வரை அரசு அனுமதி கொடுக்கலாம். அந்த விதியில் கார்பெட் என்ற வார்த்தையே இல்லை.

கடைசியாக ஒரு உண்மையையும் ஒத்துக்கொள்கிறேன். வால்யூமைக் கூட்டுவது எங்கள் கைதான், ஆனால் கூட்டச் சொல்வது நாங்கள் இல்லை. சிங்காரி மேளம் முடிந்து பாட்டு போட்டதும் ஊர்ப் பையன்கள் வந்து "அண்ணே, பேஸ் நெஞ்சுல குத்தணும்ணே" என்று நிற்பார்கள். கமிட்டிக்காரரோ, போன வருஷம் பக்கத்து ஊரில் வைத்ததைவிட ஒரு பெட்டி கூட வேண்டும் என்று பேசித்தான் முன்பணமே தருவார். குறைத்து வைத்தால் அடுத்த வருஷம் வேறு செட். வாசகர் புகார் கொடுப்பதானால் கமிட்டியிடம் கொடுக்கட்டும், அதுவும் செட் பேசுவதற்கு முன்னால், கொடிமரம் நட்ட பிறகு இல்லை.

அவர் எந்த ஊர்க்காரர் என்று கடிதத்தில் இல்லை. நான் செட் போடுகிற ஊராக இருந்தால், ஜன்னல் ஆடுகிற நேரத்தில் பெட்டிக்குப் பின்னால் வந்து கூப்பிடட்டும். ஆம்ப் பக்கத்தில்தான் இருப்பேன், அவர் வீட்டுக்கே நடந்து வந்து கேட்டுவிட்டுப் பெட்டியைத் திருப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மைக் செட்காரன்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்