பால்கன் கப்பலுக்கு ஒரு நிமிடம் ஒதுக்குங்கள்

கடற்படைக் கதைகளைத் தமிழில் காணொளியாகச் சொல்லும் நண்பர்களுக்கு,

வணக்கம். நீங்கள் போடுவதை ஒன்று விடாமல் பார்ப்பவன் நான். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு நீர்மூழ்கியாவது மூழ்கினால்தான் எனக்குத் தூக்கம் வருமாம், வீட்டில் கேலி.

ஸ்குவாலஸ் என்ற அமெரிக்க நீர்மூழ்கியின் விபத்தை உங்களில் மூன்று பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன். 1939 மே 23, நியூ ஹாம்ப்ஷயர் கரைக்கு அப்பால் சோதனை முழுக்கு, காற்றுக்குழாய் வால்வு வழியே வெள்ளம், 243 அடி ஆழம், 26 பேர் சாவு, 33 பேர் மீட்பு. எல்லாம் சரி. மீட்புப் பணியில் முக்குளிப்பவர்களை வழிநடத்திய மாம்சென், மூழ்கிய நீர்மூழ்கிக்கு வடத்தில் இறக்கி ஆட்களை ஏற்றிவரும் மக்கேன் மீட்புக் கூண்டு, அதுவும் சரி. அந்தக் கூண்டு எங்கிருந்து இறங்கியது? "ஒரு கப்பல் வந்தது" என்று ஒருவர் தாண்டிப் போனார். இன்னொருவர் திரையில் காட்டியது விமானந்தாங்கிக் கப்பல்!

வந்தது யுஎஸ்எஸ் பால்கன். 57 மீட்டர் நீளக் கண்ணிவாரிக் கப்பல், அதாவது கடலில் விதைத்த கண்ணிவெடிகளை வாரி அகற்றுவது. பறவைப் பெயர் வைத்த வரிசையில் ஒன்று. முதல் உலகப் போருக்காகக் கட்டினார்கள்; பணியில் சேர்ந்ததோ 1918 நவம்பர் 12, போர் ஓய்ந்த மறுநாள்! ஆனாலும் வேலை இருந்தது. வட கடலில் விதைத்திருந்த 70,000 சொச்சம் கண்ணிகளை யாராவது வார வேண்டுமே. 1919இல் அங்கே போய் வந்தது.

கண்ணி வாரக் கனமான கம்பிவடத்தை இழுத்துக்கொண்டே போக வேண்டும். அதற்கு வலுவான இயந்திரம், பெரிய விஞ்ச் (வடத்தைச் சுற்றி இழுக்கும் பொறி), பின்பக்கம் தாழ்ந்த அகலமான தளம் எல்லாம் தேவை. முக்குளிப்பவர்களை இறக்கி ஏற்றவும் இதே வசதிதான் தேவை. அப்படித்தான் 1925இல் பிளாக் தீவருகே பயணிகள் கப்பல் மோதி மூழ்கிய எஸ்-51 நீர்மூழ்கியைத் தூக்கப் பால்கன் போனது. அடுத்த ஆண்டு ஜூலையில் தூக்கியே விட்டார்கள்.

1927 டிசம்பரில் எஸ்-4 நீர்மூழ்கி மூழ்கியது. என்னால் இன்றும் சாதாரணமாகப் படிக்க முடியாத கதை இது. முன்னறையில் ஆறு பேர் உயிரோடு இருந்து உள்ளிருந்து தட்டினார்கள். மேலே பால்கன், நடுவே சுமார் 100 அடித் தண்ணீர்தான். புயல் விடவில்லை. நாற்பது பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. மீட்புக் கூண்டு வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது இதற்குப் பிறகுதான்.

பின்னாளில் பால்கனை "நீர்மூழ்கி மீட்புக் கப்பல்" என்று வகை மாற்றினார்கள். ஏற்கெனவே அது செய்துகொண்டிருந்த வேலைக்குக் காகிதத்தில் பெயர் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஸ்குவாலஸுக்கு மேலே நாலா பக்கமும் நங்கூரமிட்டு அசையாமல் நிற்க வேண்டியிருந்தது. கப்பல் நகர்ந்தால் கூண்டு நீர்மூழ்கியின் கதவில் பொருந்தாது. முதல் முறை ஏழு பேர், அப்புறம் ஒன்பது, மறுபடி ஒன்பது. கடைசி எட்டுப் பேரோடு வரும்போது வடம் சிக்கி, இழை இழையாகப் பிரிந்தது. விஞ்சை நம்ப முடியாது. கடைசியில் பால்கனின் தளத்தில் நின்றவர்கள் கையாலேயே இழுத்துக் கூண்டை மேலே கொண்டுவந்தார்கள். நள்ளிரவு தாண்டிவிட்டது. இந்தக் காட்சியை விட்டுவிட்டு எதைக் காணொளியாக எடுக்கிறீர்கள்?

அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்குவாலஸைக் கரை சேர்த்ததிலும் பால்கன் இருந்தது. 1946இல் ஓய்வு, மறுவருடம் விற்றுவிட்டார்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். மூழ்கிய பாகிஸ்தான் நீர்மூழ்கி காஸி பற்றி வாரம் ஒரு காணொளி வருகிறது. 1971இல் விசாகப்பட்டினத்துக்கு வெளியே அதன் சிதைவுக்கு முக்குளிப்பவர்களை இறக்கிய நம் ஐஎன்எஸ் நிஸ்தாரும் சோவியத் கண்ணிவாரி வகை ஒன்றின் உடலில் உருவானதுதான். அதை ஒருவர் எடுங்களேன். சாப்பாட்டை முடித்துவிட்டுக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பார்வையாளன் ஒருவன்